படகில் தொங்கிய பித்தளை டோக்கன்

பெங்களூர் போகும் காலை ரயிலில், "எங்க ஊர்ல படகு கட்றாங்க" என்று கிளாரன்ஸ் சொன்னபோது பெட்டியில் ஒருவரும் நம்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. தங்கவயல், தங்கம் தோண்டத் தரைக்குக் கீழே இரண்டு மைல் இறங்கிப் பழகிய ஊர். மிதப்பது அதன் வேலை அல்ல. கிளாரன்ஸே ஐம்பத்தேழு வயதுக்குள் படகைப் பார்த்தது ஒரே ஒரு முறை, வேளாங்கண்ணிக் கடற்கரை மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒன்றை. அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வந்துவிட்டார். நீச்சல் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் அதுவரை வரவில்லை.

படகு தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில், விநாயக்கின் வெல்டிங் பட்டறையில், மரக்கட்டைகளின் மேல் ஏறி நின்றது. விநாயக்குக்கு முப்பத்தைந்து வயது. கேட், கிரில், தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தபோது, எங்கோ ஒரு அணைக்கட்டின் ஓரம் ரிசார்ட் வைத்திருந்த ஒருவர் வந்து ஆர்டர் கொடுத்தார். முப்பத்தாறு அடி இரும்புப் படகு, நடுவில் சமையலறை, இருபது பேர் உட்கார்ந்து மீன் வறுவல் சாப்பிட இடம். முடியாது என்று சொல்லும் பழக்கம் விநாயக்கிடம் இல்லை. கட்டினான். நன்றாகவே கட்டினான். சமையலறைக்கு கேஸ் இணைப்புக் கொடுக்க ஆள் தேடும்போதுதான் கிளாரன்ஸின் ஞாபகம் வந்தது.

கிளாரன்ஸ் இருபத்தோரு வயதில் சுரங்கத்தில் பைப் ஃபிட்டராகச் சேர்ந்தவர். டிரில்லுக்குப் போகும் அழுத்தக் காற்றுக் குழாய்களைப் பூட்டுவதும் கழற்றுவதும் வேலை. இரண்டாயிரத்து ஒன்றில் கம்பெனியை மூடியபோது அவருக்கு வயது முப்பத்து நான்கு. கையில் இருந்தது ஒரு ஸ்பேனர் செட், எங்கே காற்று கசிந்தாலும் கேட்டுவிடும் ஒரு ஜோடிக் காது, திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்ட ஒரு பித்தளை டோக்கன். அடுத்த மாதமே மாரிகுப்பத்தில் பெங்களூர் ரயிலில் ஏறிவிட்டார். இருபத்து மூன்று வருடமாக ஏறிக்கொண்டிருக்கிறார். பெங்களூரில் ஓட்டல், ஹாஸ்டல், கல்யாண மண்டபம் என்று எங்கெங்கோ அவர் பூட்டிய செம்புக் குழாய்களில் கேஸ் ஓடுகிறது. இதுவரை ஒரு விபத்து இல்லை. கேட்டால் அதிர்ஷ்டம் என்பார். பொய். அவருக்குப் பயம் அதிகம், அவ்வளவுதான்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் டோக்கன் வழக்கம். சுரங்கத்தில் இறங்குகிறவன் ஷாஃப்ட் என்கிற இறங்குகுழியின் வாசலில் இருக்கும் பலகையில் தன் நம்பர் அடித்த டோக்கனை மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் அவனே எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் பலகையில் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். கிளாரன்ஸ் அதையே மேலே கொண்டுவந்தார். ஒரு இடத்தில் கேஸ் வேலை பாதியில் நின்றால், மெயின் வால்வின் கழுத்தில் தன் டோக்கனை மாட்டிவிட்டுப் போவார். அவர் வந்து எடுக்கும்வரை யாரும் எதையும் பற்றவைக்கக் கூடாது. பெங்களூர் ஓட்டல் முதலாளிகள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் பற்றவைக்கவில்லை.

படகு வேலையை அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்தார். சர்ச்சில் பூசை முடிந்து, மனைவி ஐடா கட்டிக்கொடுத்த சோற்றோடு பட்டறைக்குப் போவார். படகைப் பற்றித் தெரியாது என்பதால் பிரவுசிங் சென்டரில் நாற்பது பக்கம் பிரிண்ட் எடுத்து, ரயிலில் ஒரு மாதம் படித்தார். படித்ததைச் செய்தார். படகு ஆடினாலும் அடுப்பு நகராதபடி நாலு காலையும் போல்ட் போட்டு இறுக்கினார். பாத்திரம் சரியாமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி வைத்தார். காற்றடித்துத் தீ அணைந்தால் தானாகவே கேஸ் நின்றுபோகும் வகை பர்னர்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, விநாயக் வாங்கி வைத்திருந்த அடுப்பைத் திருப்பி அனுப்பினார். செம்புக் குழாய் அதிர்ந்து தேயாமல் இருக்க அரை அடிக்கு ஒரு கிளிப் அடித்தார். விநாயக் பல்லைக் கடித்துக்கொண்டான்.

பட்டறையில் வாட்ச்மேன், பெயின்டர், எடுபிடி எல்லாம் துரை என்கிற ஒரே ஆள். எழுபது வயது. சுரங்கத்தில் கிளாரன்ஸ் இருந்த அதே கேங்கில் மூத்தவர். படகின் பாகங்களுக்கு என்ன பெயர் என்று பட்டறையில் யாருக்கும் தெரியாததால் துரை தாமாகவே சுரங்கத்துப் பெயர்களை வைத்துவிட்டார். மேல் தளம் சர்ஃபேஸ். தளத்தின் நடுவில், கீழே இறங்குவதற்காக வெட்டிய மூடி போட்ட சதுர வழி ஷாஃப்ட். அதற்குக் கீழே, படகின் அடிவயிற்றில், ஆள் குனிந்து நடக்கும் உயரத்துக்கு இருட்டாக இருந்த இடம், சுரங்கத்தின் முதல் அடுக்கைச் சொல்வதுபோல, ஃபர்ஸ்ட் லெவல். விநாயக்கும் அப்படியே கூப்பிட்டான். கஸ்டமரிடம்கூட ஒரு தடவை, "சார், ஷாஃப்ட் மூடி கொஞ்சம் வெயிட்டு" என்று சொல்லி முழிக்க வைத்தான்.

சண்டை சிலிண்டர் பெட்டியில் வந்தது. சிலிண்டரைச் சமையலறைக்கு வெளியே, தளத்தின் ஓரத்தில், தனி இரும்புப் பெட்டியில் நிற்க வைக்க வேண்டும். அந்தப் பெட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு, படகின் பக்கச் சுவர் வழியாக, தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெளியே போகும்படி குழாய் வைக்க வேண்டும். கேஸ் கசிந்தால் அது படகுக்குள் இறங்காமல் வெளியே போய்விடும். நாற்பது பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

"இன்னா அங்கிள் சொல்றீங்க? படகுல ஓட்டையா?" என்றான் விநாயக். "நான் ஆறு மாசமா ஒரு ஊசி ஓட்டை இல்லாம வெல்டிங் அடிச்சுகினு இருக்கேன். கஸ்டமர் பாத்தா என்னைத் தண்ணில தள்ளுவான். பேடா அங்கிள், வேணாம்."

"தண்ணிக்கு மேல தான்ப்பா போடறோம். தண்ணி உள்ள வராது."

"படகு ஆடும் இல்ல?"

"ஆடும். அதுக்கும் கணக்குப் பாத்துதான் ஒசரம் குடுத்துகீறாங்க."

விநாயக் ஒப்புக்கொள்ளவில்லை. பக்கத்தில் பெயின்ட் டப்பாவோடு நின்ற துரைக்கும் இது விளங்கவில்லை. "கேஸுன்னா மேல தானே போவும் கிளாரன்ஸு?" என்றார்.

அங்கேதான் கிளாரன்ஸ் அந்தத் தப்பைச் செய்தார். செய்தபோது அது தப்பு என்று தெரியவில்லை. நல்ல விளக்கம் என்றே நினைத்தார்.

"இல்லண்ணா. இந்த கேஸு காத்தை விட கனம். கீழ போய் தண்ணி மாதிரி தேங்கிக்கும். நம்ம லெவல்ல குழிக்குள்ள கெட்ட காத்து நிக்கும் இல்ல? வெடி வெச்சப்புறம்? அதே கத தான். மேல ஒன்னும் தெரியாது. எறங்கனவன் எழுந்து வர மாட்டான்."

துரையின் முகம் மாறியது. கெட்ட காற்றில் அவருடைய கேங்கில் ஒருவன் போயிருக்கிறான். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. விநாயக்கைப் பார்த்து, "அத்த சொல்லுப்பா மொதல்ல. ஓட்டை போடு" என்றார். கிளாரன்ஸுக்குத் திருப்தி. வாசனை வந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது, செல்ஃபோனை அணைத்துத் தூர வைத்துவிட வேண்டும் என்று இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். துரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

விநாயக் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். யோசிக்கட்டும் என்று கிளாரன்ஸ் மெயின் வால்வை மூடி, அதன் கழுத்தில் டோக்கனை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். பெட்டியின் தரையில் விளக்கு ஒயர் போவதற்காக விட்டிருந்த இரண்டு துளைகளை அடைக்கும் வேலை பாக்கி. ஓட்டை விஷயம் முடிவானதும் சேர்த்துச் செய்யலாம் என்று விட்டுவிட்டார். அது நவம்பர் கடைசி ஞாயிறு.

புதன்கிழமை ஒயிட்ஃபீல்டில் ஒரு ஹாஸ்டல் வேலை சீக்கிரம் முடிந்து, கிளாரன்ஸ் மத்தியான ரயிலைப் பிடித்தார். பங்காருப்பேட்டையில் வண்டி நின்றுகொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. துரை.

"கிளாரன்ஸு, ஒரு சேதி. காலைல கஸ்டமர் வந்திருந்தாரு. விநாயக்கு அவருக்குப் படகுல டீ போட்டுக் காட்னான். அப்புறம் ரெண்டு பேரும் பூதிகோட்டை பக்கம் சாப்டப் போய்ட்டாங்க. நான் பெயின்ட் அடிக்க ஏறனா கேஸு வாசன. சிலிண்டர் தொறந்தே கெடக்குது, ட்யூப் கிளிப்பு லூசு."

"மூடிட்டியா?"

"மூடிட்டேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு. மேல வாசன சுத்தமா போய்டுச்சு. ஆனா நீ சொன்ன இல்ல, கீழ தேங்கும்னு. ஷாஃப்ட்டு மூடி இன்னும் தொறக்கல. நாளைக்கு லாரி வருது, கீழ ஒரு கோட்டிங் பாக்கி. அதான், மெழுகுவத்தி கட்டி எறக்கிப் பாத்துட்டு எறங்கறேன். அணைஞ்சா எறங்க மாட்டேன். அணையலன்னா எறங்குவேன். மேல நிக்க ஆள் வேணும் இல்ல? ஐடாவைக் கூப்ட்டுக்கறேன். மெழுகுவத்தியும் அதுங்கிட்டயே வாங்கிக்கறேன். நீ சொன்ன மாதிரி ஃபோனை அணைச்சு வெச்சுடறேன், இன்னா?"

"அண்ணா, வேணாம்! தீ..."

ஃபோன் அணைந்துவிட்டது. அவர் சொன்னபடியே.

கிளாரன்ஸ் திரும்ப அடித்தார், அணைந்தே கிடந்தது. சுரங்கத்தில் குழியில் இறங்குமுன் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். தீ அணைந்தால் மூச்சுக்குக் காற்று இல்லை, இறங்காதே. நின்று எரிந்தால் இறங்கு. அங்கே இருந்த கெட்ட காற்று தீப்பிடிக்காது. மூச்சை மட்டும்தான் அடைக்கும். அதனால் அங்கே மெழுகுவர்த்தி உயிர் காப்பாற்றியது. படகின் வயிற்றில் இருந்தது சமையல் கேஸ். அதே தீயை அதற்குள் இறக்கினால் முப்பத்தாறு அடி இரும்பும் மேலே போகும், குனிந்து பார்க்கிறவனும் போவான், பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நிற்கிறவளும் போவாள்.

வீட்டுச் சமையலறையில் கேஸ் வாசனை வந்தால் துரை நெருப்புக்குச்சியைத் தொடமாட்டார். அது குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் மேலே வாசனை போய்விட்டது. கீழே இருப்பது அடுப்பு கேஸ் என்று அவர் நினைக்கவில்லை, லெவலில் நிற்கிற கெட்ட காற்று என்று நினைத்தார். அப்படி நினைக்கும்படி சொல்லிக்கொடுத்தது கிளாரன்ஸ். அதே கதை தான் என்று சொன்ன அந்த வாய் அவருடையது.

ஐடாவுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஐடா பக்கத்துத் தெருவுக்குப் போவதானால் ஃபோன் எடுத்துப் போகமாட்டாள். ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுவாள். அது அங்கே அடித்துக்கொண்டிருப்பது கிளாரன்ஸுக்குக் கண்ணில் தெரிந்தது. மறுபடியும் அடித்தார். மறுபடியும். பிறகு விநாயக்குக்கு.

"அங்கிள், கஸ்டமர் கூட இருக்கேன், அப்புறம்..."

"விநாயக், வெக்காதே, கேளு! படகுக்குள்ள கேஸு எறங்கியிருக்குது. துரைண்ணா மெழுகுவத்தி எறக்கப் போறாரு. ஐடாவும் அங்க தான் கீறா. பட்டறைல வேற யாருனா கீறாங்களா? யாருக்குனா ஃபோன் பண்ணி நிறுத்து!"

"இன்னைக்கு யாரும் இல்ல அங்கிள், எல்லாருக்கும் லீவு குடுத்துட்டேன்." விநாயக்கின் குரல் கிழிந்தது. "நான் வரேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அங்கிள், நான் தான்... டீ போட்டது நான் தான்."

"தெரியும். வா."

பக்கத்து வீட்டுக்கும் அடித்துப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. வண்டி கிளம்பியது. பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை உள்ள அந்தக் கிளைப் பாதையைக் கிளாரன்ஸ் ஆயிரக்கணக்கான தடவை தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறார். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்றது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாரோ கூடையை இறக்கினார்கள், யாரோ ஆற அமர ஏறினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றி, "ஆர் யூ ஓகே அங்கிள்?" என்றாள். ஓகே என்றார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஜன்னலில் வேலிக்காத்தான் புதரும், சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடும் வந்தபோது, அதற்கப்பால் ஆண்டர்சன்பேட்டை இருக்கும் திசையில் புகை எழும்புகிறதா என்று பார்த்தார். ஒன்றும் இல்லை. இல்லை என்பதால் ஒரு நிமிடம் ஆறுதல், இனிமேல் எழும்பலாமே என்று அடுத்த நிமிடம் பயம்.

ஐடாவைப் பற்றி அவர் அப்போது நினைத்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். காலையில் சண்டை போட்டிருந்தார்கள். ரசத்தில் உப்பு. முப்பது வருடமாகப் போடுகிற சண்டை. நான் சொன்னதைக் கேட்டுக்கொள் என்று அவரும், நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்க எனக்கு வேறு வேலை இல்லையா என்று அவளும். துரை அண்ணன் கூப்பிட்டால் மட்டும் மறுபேச்சில்லாமல் போவாள். அவளுடைய அப்பாவின் கூட்டாளி.

மாரிகுப்பத்தில் வண்டி நிற்குமுன்னே குதித்தார். ஆட்டோக்காரர் பேரம் பேச வாயெடுத்தார், முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இன்ஜின் பொறிக்குப் பயந்து, பட்டறைக்கு நூறு அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லி ஓடினார். ஓடுகிற வயதில்லை.

கேட் திறந்திருந்தது. படகு முழுசாக நின்றது. ஏணியில் ஏறி மேல் தளத்தில் தலையை நீட்டினார்.

துரை ஓரமாக, பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து, கோபத்தில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அவர் காலடியில் கிடந்தது. நடுவில், ஷாஃப்ட் மூடியின் மேல், ஐடா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு மெழுகுவர்த்தி. திரி வெள்ளையாக இருந்தது. பற்றவைக்கவே இல்லை.

"வந்துட்டான் பாரு உன் வூட்டுக்காரன்" என்றார் துரை. "கேளு அவனையே. ஒரு மணி நேரமா இந்தம்மா எழுந்துக்க மாட்டேங்குது. வேலையும் கெட்டுது."

ஐடா கையை நீட்டினாள். உள்ளங்கையில் கிளாரன்ஸின் டோக்கன்.

"இது அந்த சிலிண்டர் பெட்டி மேல அனாதையா கெடந்துது" என்றாள். "வால்வுல தானே இருக்கணும்? எவனோ கழட்டிகீறான். நீங்க கழட்டனா பாக்கெட்ல போட்டுகினு வருவீங்க. உங்க டோக்கன் இங்க கெடக்குதுன்னா வேல முடியல. முடியாத எடத்துல எதையும் பத்த வெக்கக் கூடாதுன்னு நீங்க தானே சொல்வீங்க? அண்ணன் சொல்லுது மெழுகுவத்தி தானே, அடுப்பா பத்த வெக்கறோம்னு. எனக்கு அதெல்லாம் தெரியாது. டோக்கன் கெடக்குது, நான் எழுந்துக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்."

ஐடா சுரங்கத் தொழிலாளியின் மகள். பூமிக்கடியில் பாறை வெடித்து வீடெல்லாம் குலுங்கும் நாட்களில், அவளுடைய அம்மா அவளைத்தான் ஷாஃப்ட் வாசலுக்கு அனுப்புவாள், அப்பாவின் டோக்கன் பலகையில் தொங்குகிறதா, எடுத்தாகிவிட்டதா என்று பார்த்துவர. தொங்கினால் அம்மாவும் வந்து, அப்பா ஏறி வரும்வரை அங்கேயே நிற்பாள். ஒன்பது வயதிலேயே பித்தளைத் துண்டை வைத்து ஆள் எங்கே இருக்கிறான் என்று படிக்கத் தெரிந்தவள். கேஸைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்றும் தெரியாது. அது தெரியாமலேதான் ஒரு மணி நேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கிளாரன்ஸ் பையிலிருந்து கேஸ் கண்டுபிடிக்கும் கருவியை எடுத்தார். செல்ஃபோன் அளவில் இருக்கும், கேஸ் இருந்தால் கத்தும். துரையின் கயிற்றில் அதைக் கட்டினார். ஐடாவைக் கையைப் பிடித்து எழுப்பினார். மூடியைத் திறந்து, மெழுகுவர்த்தியை இறக்க வேண்டிய அதே வழியில் கருவியை இறக்கினார். இரண்டு அடி இறங்கியது. சத்தமில்லை. மூன்றாவது அடியில் கத்த ஆரம்பித்தது. நிறுத்தாமல் கத்தியது.

"இன்னா அது?" என்றார் துரை.

"கேஸுண்ணா. பெட்டில இருந்த ஒயர் ஓட்டை வழியா எறங்கியிருக்குது. நாம அடுப்புல எரிக்கிற அதே கேஸு."

"கெட்ட காத்துன்னு சொன்ன?"

"சொன்னேன். கனம்னு சொன்னேன், தேங்கும்னு சொன்னேன். எரியும்னு சொல்லல. உனக்குத் தெரிஞ்ச பயத்தைச் சொன்னா சட்டுனு ஏறும்னு பாதிய சொல்லிட்டு வுட்டுட்டேன். தப்பு என் மேலண்ணா. உன்னையும் இவளையும் நானே கொன்னுருப்பேன்."

துரை ஐடாவின் கையில் இருந்த மெழுகுவர்த்திகளைப் பார்த்தார். தம் இடுப்பு மடிப்பில் கையை விட்டு, தீப்பெட்டியை எடுத்து, ஏணி வழியாக இறங்கி, கேட்டுக்கு வெளியே போய், சாக்கடையில் போட்டுவிட்டு வந்தார். வந்து பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்தார்.

கருவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. அதை மேலே இழுத்துவிட்டு, கிளாரன்ஸ் பட்டறையில் இருந்த பிளாஸ்டிக் பக்கெட்டை எடுத்துவரச் சொன்னார். இரும்பு பக்கெட் கூடாது, உரசினால் பொறி வரும். ஃபேன் போடக் கூடாது, சுவிட்சில் பொறி வரும். தண்ணீரைப் போலத் தேங்கியதைத் தண்ணீரைப் போலவே மொண்டு கொட்ட வேண்டும். நாற்பது பக்கத்தில் அதுவும் இருந்தது, படித்தபோது அவருக்கே சிரிப்பு வந்த பக்கம். கயிற்றில் கட்டி பக்கெட்டை இறக்கினார். காலியாக இறங்கியது, காலியாக ஏறியது. அதை ஐடாவிடம் கொடுத்தார். அவள் துரையிடம் கொடுத்தாள். துரை படகின் விளிம்புக்கு வெளியே அதைப் பயபக்தியோடு கவிழ்த்தார்.

விநாயக் மூச்சிரைக்க வந்து ஏணியில் ஏறியபோது பார்த்தது இதைத்தான். மூன்று பேர் வரிசையில் நின்று, ஒன்றுமில்லாத பக்கெட்டை மொண்டு மொண்டு ஒன்றுமில்லாததைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு ஐடாவிடமிருந்து பக்கெட்டை வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் கருவியை அடிவரை இறக்கியும் சத்தம் வராத பிறகுதான் நிறுத்தினார்கள். லாரியை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லி விநாயக் கஸ்டமருக்கு ஃபோன் போட்டான். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "சார், படகுல ஒரு ஓட்டை போடணும்" என்றான். எதிர்முனையில் நடந்ததைக் கிளாரன்ஸ் கேட்கவில்லை. விநாயக் மட்டும், "ஆமா சார், ஓட்டை தான் சார், வேணும்னே தான் சார்" என்று மூன்று தடவை சொன்னான்.

படகு டிசம்பரில் போனது. ஓட்டையோடும், ஒயர்த் துளைகளை அடைத்தும், அடிவயிற்றில் தரையோடு ஒட்டிவைத்த கேஸ் அலாரத்தோடும் போனது. மூடியின் மேல் துரை தம் கையால் சிவப்பு பெயின்டில் எழுதினார்: கீழே தீ காட்டாதே. தமிழிலும் கன்னடத்திலும். கன்னட எழுத்து ஒன்று தலைகீழாக விழுந்திருந்தது, யாரும் திருத்தவில்லை.

கிளாரன்ஸ் இப்போதும் அதே காலை ரயிலில் போகிறார். யாருக்கு எதை விளக்கினாலும் முதலில் "எரியும்" என்று சொல்கிறார், மற்றதெல்லாம் அப்புறம். டீக்கடையில் டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால்கூட எரியும் என்றுதான் சொல்வார் என்று ஐடா கிண்டல் செய்கிறாள்.

அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு நடந்து போகும்போது அவர் அவளிடம் கேட்டது ஒரே கேள்வி. "துரைண்ணா அவ்ளோ சொல்லியும் எழுந்துக்கலையே, ஏன்?"

"இன்னா ஏன்?" என்றாள் ஐடா. "டோக்கன் தொங்குனா ஆள் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கணும். எங்கம்மா அப்டி நின்னுதுங்க. நான் உக்காந்துகினேன், அவ்ளோ தான்."

கையிலிருந்த இரண்டு மெழுகுவர்த்திகளைப் பார்த்தாள். அந்த மாதம் கல்லறைத் திருநாளுக்கு வாங்கியதில் மிச்சம்.

"இது அடுத்த வருசத்துக்கு ஆவும்" என்று சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.